கடலில் ஆடாதது கரையில் ஆடும்

பலாங்கொடை வரைக்கும் எல்லோரும் திடமாகத்தான் இருப்பார்கள். கஹவத்தையில் ஏறி, பெல்மதுளைச் சந்தியில் வண்டி மாறி, ஹப்புத்தளை பஸ்ஸில் இடம் பிடித்து, கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டுக் கதைத்துக்கொண்டே போவார்கள். பெலிஹுல்ஓயா தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கதை மாறும். நாலு வளைவுக்குள் பேச்சு நின்றுபோகும். யாரோ நடத்துனரிடம் சொப்பிங் பை கேட்பார்கள். ஒருவர் தேசிக்காயை நகத்தால் கீறி மூக்கில் வைப்பார். பெரகலை வரும்போது என் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "இன்னும் எத்தன வளைவு இருக்கு?" என்று கேட்பார். அதற்கு நான் ஒருநாளும் உண்மையைச் சொன்னதில்லை.

அதே பஸ்ஸில் அசையாமல் வருகிறவர்களும் உண்டு. சாரதிக்கு ஒன்றும் ஆவதில்லை. அவருக்கும் அதே வளைவுகள்தான், அதே குலுக்கல்தான். மடியில் கிடக்கும் கைக்குழந்தைக்கும் ஒன்றும் ஆவதில்லை. மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. எல்லாப் பஸ்ஸிலும் அவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான்கு மணித்தியாலப் பஸ் பயணமே இப்படி என்றால், வீடே ஆடிக்கொண்டிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? 2024 ஒக்டோபர் 2ஆம் திகதி கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகு புறப்பட்டது. நீளம் 56 அடி. அதில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே: புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. இருவரும் அப்போது இந்தியக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபோக்லாந்துத் தீவுகள், தென்னாபிரிக்கா என நான்கு இடங்களில் தரித்து, உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று கோவாவுக்குத் திரும்பினார்கள். ஏறத்தாழ எட்டு மாதங்கள். ஏறத்தாழ 47,000 கிலோமீட்டர்.

ஆயுளின் பெரும்பகுதியையே படகில் கழித்த தம்பதிகளும் இருக்கிறார்கள். லின் பார்டி, லாரி பார்டி இணையரைப் பாய்மர உலகில் தெரியாதவர்கள் குறைவு. தாங்களே கட்டிய 'செராஃபின்' என்ற படகை 1968இல் தண்ணீரில் இறக்கி, அதையே வீடாக்கிக்கொண்டார்கள். அதில் இயந்திரம் கிடையாது. வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கு. நீளம் 24 அடி, மிக அகலமான இடத்தில் சுமார் 9 அடி. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறை குடியிருந்ததைப் பார்த்த நமக்கு அந்த இடநெருக்கடி ஒரு செய்தியே இல்லை. எனக்குப் புதிராக இருப்பது வேறு. அந்தக் காம்பரா நிற்கவே நிற்காது. அதற்குள்ளே நின்று வெங்காயம் நறுக்கி, சோறு வடித்து, சாப்பிட்டு, தூங்கி எழும்ப முடிகிறதே, அது எப்படி?

பதிலைத் தேட ஒரு கிளாஸ் பிளேன் டீ போதும். வடிகட்டாமல் ஊற்றுங்கள். மேலே ஒரு தேயிலைத் துணுக்கு மிதக்கட்டும். கிளாஸை மேசையில் வைத்தபடியே சட்டென்று கால்வட்டம் திருப்புங்கள். கிளாஸ் திரும்பும். துணுக்கு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். கண்ணாடியோடு சேர்ந்து தேநீர் உடனே திரும்புவதில்லை, பின்தங்குகிறது. கிளாஸின் உட்சுவரில் ஓர் எறும்பு ஒட்டிக்கொண்டிருந்தால், தேநீர் தன்னைத் தாண்டி எதிர்ப்பக்கமாக ஓடுவதாக அது நினைக்கும். கிளாஸைத் தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருந்தால் தேநீரும் மெல்ல மெல்ல வேகம் பிடித்துச் சேர்ந்து சுற்றும். அப்போது எறும்புக்கு எதுவுமே ஓடுவதாகத் தெரியாது. கிளாஸைத் திடீரென நிறுத்தினாலோ தேநீர் ஓடிக்கொண்டே இருக்கும், நின்றுவிட்ட கிளாஸில் எறும்புக்குத் தலை சுற்றும்.

நம் ஒவ்வொரு காதின் உள்ளேயும், மண்டையோட்டு எலும்புக்குள், இப்படி மூன்று கிளாஸ்கள் இருக்கின்றன. அரைவட்டக் குழாய்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஒவ்வொன்றும் ஒரு கொண்டைக்கடலையைச் சுற்றி வளைக்கக்கூடிய அளவு. மூன்றும் மூன்று வெவ்வேறு தளங்களில் நிற்கின்றன. உள்ளே தண்ணீர் போன்ற திரவம். எறும்பின் இடத்தில், கூழ் போன்ற ஒரு சிறு மடலும் அதற்குள் நுழைந்திருக்கும் நுண்மயிர்களும். தலை திரும்பும்போது திரவம் பின்தங்கி மடலைத் தள்ளும். மயிர் வளையும். மூளைக்குச் செய்தி போகும்: "திரும்புகிறோம்." சின்ன வயதில் வாசலில் சுற்றிச் சுற்றி விளையாடி நின்றபோது லயமே சுற்றியதே, அது அந்தத் திரவம் இன்னும் நிற்காததன் விளைவு.

குழாய்களுக்குத் திரும்புவது மட்டும்தான் தெரியும். சாய்வதையும், முன்னே பின்னே மேலே கீழே நகர்வதையும் அறிய இன்னொரு கருவி பக்கத்திலேயே இருக்கிறது. அதில் உண்மையாகவே கற்கள் உண்டு. இரத்தினபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கல்லைப் பற்றி விளக்குவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். மாணிக்கம் அலசுகிறவர் கூடையை நீரில் வைத்துச் சுழற்றி உலுக்கும்போது மண் கழுவிப் போகிறது, பாரமான கல் தங்கிவிடுகிறது. பாரமானது சுலபமாக அசையாது, அசைந்தால் சுலபமாக நிற்காது. காதுக்குள் ஜெலி போன்ற ஒரு படலம். அதன் மேல் தூள் தூளாகச் செவிக்கற்கள். முட்டை ஓடு எந்தப் பொருளால் ஆனதோ அதே கல்சியம் காபனேற்றுத்தான் அவையும். தலை சாய்ந்தால் கற்கள் சரிந்து ஜெலியை இழுக்கும். பஸ் வேகம் எடுத்தாலும் கற்கள் பின்தங்கி ஜெலியை இழுக்கும்.

சிக்கல் இங்கேதான். சாய்ந்தாலும் அதே இழுப்பு, நகர்ந்தாலும் அதே இழுப்பு. "நான் பின்னால் சாய்ந்துவிட்டேனா, வண்டி முன்னே பாய்கிறதா?" என்பதைக் கல்லை மட்டும் கேட்டால் கல்லுக்குத் தெரியாது. மூளை கண்ணைக் கேட்கும், குழாய்களைக் கேட்கும், உள்ளங்காலையும் கழுத்துத் தசையையும் கேட்கும். எல்லாச் சாட்சிகளும் ஒத்துச் சொன்னால் வழக்கு முடிந்தது. ஒத்து வராதபோதுதான் சொப்பிங் பை தேவைப்படுகிறது.

இதெல்லாம் காதுக்குள் நடப்பது எப்படித் தெரிந்தது? காது கேட்பதற்கு மட்டுமே என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1820களில் பிரான்சின் பியேர் ஃப்ளூரன்ஸ் புறாக்களின் அரைவட்டக் குழாய்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். புறாக்களுக்குக் கேட்கும் சக்தி போகவில்லை. வெட்டிய குழாய் எந்தத் தளத்தில் இருந்ததோ அந்தத் தளத்திலேயே தலையை ஆட்டித் தடுமாறின. கொடுமையான பரிசோதனைதான். ஆனால் காதுக்குள் கேட்டலோடு சம்பந்தமில்லாத ஒரு வேலை நடக்கிறது என்று முதலில் காட்டியது அதுவே.

மனிதரிடம் இதைச் சோதிக்க வெட்டத் தேவையிருக்கவில்லை. 1882இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாத 519 பேரைச் சுற்றவைத்துப் பார்த்தார். அவர்களில் 186 பேருக்குத் தலைசுற்றல் என்றால் என்னவென்றே தெரியவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் கேட்கும் திறனுள்ள இருநூறு பேரைச் சோதித்தபோது தலை சுற்றாதவர் ஒரே ஒருவர். நான் மூன்றாவது வகை என்று சொன்னவர்கள் அந்த 186 பேரைப் போன்றவர்கள்தான். காது கேளாத எல்லோரும் இந்த வகையில் சேர மாட்டார்கள். கேட்கும் பகுதியோடு இந்தச் சமநிலை உறுப்பும் சேர்ந்து பழுதானவர்கள் மட்டுமே சேர்வார்கள்.

இதற்கு உச்சம், விண்வெளிக்கு மனிதரை அனுப்பத் தொடங்கிய காலத்தில் நடந்தது. காலொடெட் என்ற காது கேளாதோருக்கான அமெரிக்கக் கல்லூரியிலிருந்து பதினொரு ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் சிறுவயதில் மூளையுறை அழற்சி வந்து செவியை இழந்தவர்கள். அவர்களை ஒரு கப்பலில் ஏற்றி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலுக்குக் கொண்டுபோனார்கள். சோதனைக்கு வந்தவர்கள் உட்கார்ந்து சீட்டாடினார்கள். சோதிக்க வந்த ஆராய்ச்சியாளர்களோ எழுந்திருக்க முடியாமல் விழுந்து கிடந்தார்கள். பரிசோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. இதைவிடத் தெளிவான முடிவு வேறென்ன வேண்டும்? கப்பலும் ஒன்று, அலையும் ஒன்று, எல்லோருக்கும் வயிறும் உண்டு. ஆகவே குற்றவாளி வயிறு அல்ல. நம்மூரில் பஸ்ஸில் வாந்தி எடுப்பவரைப் பார்த்து "வெறும் வயித்தோட வந்திருக்கும்" என்றோ "கண்டதத் தின்னிருக்கும்" என்றோ சொல்வதை நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது அந்த 24 அடிப் படகின் உள்ளே போவோம். மேல்தட்டில் நிற்பவருக்கு அடிவானம் தெரிகிறது. படகு சாய்வதைக் காதும் சொல்கிறது, கண்ணும் சொல்கிறது. சாட்சிகள் ஒத்துப்போகின்றன. கீழே அடுப்படியில் நிற்பவருக்கு அப்படி இல்லை. சுவர், அலுமாரி, அடுப்பு எல்லாமே அவரோடு சேர்ந்து சாய்வதால், கண்ணைப் பொறுத்தவரை அங்கே எதுவும் அசையவில்லை. காதோ தொட்டிலில் கிடப்பதாகச் சத்தியம் செய்கிறது. இந்த முரண்பாட்டில் பிறக்கும் நோயை 'இயக்கக் குமட்டல்' என்று சொல்லலாம். படகு வாழ்க்கையில் மிகக் கஷ்டமான வேலை பாய் கட்டுவது என்றுதான் நாம் நினைப்போம். முதல் நாட்களில் உண்மையான கஷ்டம், குனிந்துகொண்டு பருப்பில் கல் பொறுக்குவதுதான்.

எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி வருத்துவதில்லை. 1970களில் அமெரிக்காவில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை, மேலும் கீழும் போய்வரும் ஒரு கூண்டில் வைத்து வெவ்வேறு வேகங்களில் ஆட்டிப் பார்த்தார்கள். ஐந்தாறு விநாடிக்கு ஒருதடவை ஏறி இறங்கும் ஆட்டம்தான் அதிகம் பேரை வாந்தி எடுக்க வைத்தது. நடக்கும்போது நம் தலை ஒரு விநாடிக்குள் இரண்டு தடவை குலுங்குகிறது, அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆழ்கடல் அலை படகைத் தூக்கிப் போடுவதோ அந்த ஐந்தாறு விநாடிப் பொல்லாத கணக்குக்குப் பக்கத்தில். மலைப்பாதையில் பஸ் ஒரு வளைவில் நுழைந்து வெளிவருவதும் அப்படித்தான். வேகமான அசைவை நகர்வென்றும் மெதுவான அசைவைச் சாய்வென்றும் மூளை எடுத்துக்கொள்கிறது, இரண்டுக்கும் நடுவிலுள்ள அசைவில்தான் செவிக்கல்லின் அந்தக் குழப்பம் உச்சமடைகிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு இது நம்பத்தகுந்ததாகப் படுகிறது.

குழப்பம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், வயிற்றைக் காலி செய்வானேன்? 1977இல் மிஷெல் டிரீஸ்மன் என்ற ஆய்வாளர் ஒரு யோசனை சொன்னார். படகும் பஸ்ஸும் இல்லாத காலத்தில், கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசினால் அதற்கு ஒரு காரணம் நச்சு: விஷக்காயையோ கெட்டுப்போனதையோ தின்றதால் நரம்பு தடுமாறுகிறது. அப்படியானால் தின்றதை வெளியே தள்ளுவதே புத்தி. ஆக நம் மூளை பெரகலை வளைவை விஷமென்று தப்புக்கணக்குப் போடுகிறது. அழகான கதை. ஆனால் பரிணாமக் கதைகளில் அழகு கூடக்கூட எனக்குச் சந்தேகமும் கூடும். சமநிலை உறுப்பும் வாந்தி நரம்பும் மூளைத்தண்டில் அண்டை வீட்டுக்காரர்களாக இருப்பதால் நேர்ந்த விபத்தாகவும் இது இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு.

சாரதிக்கு வருவோம். அவருக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? ஸ்டியரிங்கைத் திருப்பும் கை அவருடையது. வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்று அவரது மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது, காது அனுப்பும் செய்தி அந்தக் கணக்கோடு பொருந்தி வருகிறது. அதாவது மூளை செய்திக்காகக் காத்திருப்பதில்லை. என்ன செய்தி வரும் என்று முதலில் ஊகித்து, வந்ததை ஊகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கரண்ட் போன இரவில் படியிறங்கும்போது இன்னும் ஒரு படி இருப்பதாக எண்ணிக் காலை வைத்து, அது தரையில் 'தொம்' என்று இடித்திருக்கிறதா? அந்தத் தூக்கிவாரிப்போடல்தான் ஊகம் பொய்த்ததன் உணர்ச்சி.

இந்த ஊகக் கணக்கு நடக்கும் இடம் சிறுமூளை. ஆய்வாளர் கத்லீன் கலனும் அவரது குழுவினரும் குரங்குகளை வைத்து இதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். குரங்கு தானாகத் தலையைத் திருப்பும்போது சிறுமூளையின் சில நரம்பணுக்கள் அடங்கியிருக்கும். வேறொருவர் திருப்பினால் துள்ளும். பிறகு குரங்கின் தலைக்கு ஒரு பாரம் கொடுத்து, அது நினைத்த அளவு திரும்ப முடியாதபடி செய்தார்கள். முதலில் நரம்பணுக்கள் துள்ளின, ஏனென்றால் கணக்குப் பிழைத்தது. திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய அவை மெல்ல அடங்கின. புதுப் பாரம் கணக்கில் சேர்ந்துவிட்டது. கடைசியில் பாரத்தை எடுத்துவிட்டபோது, பழையபடி சாதாரணமாகத் திரும்பியதற்கே அவை துள்ளின. 2015இல் வெளிவந்த இந்த ஆய்வின் கடைசிப் பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்.

படகில் முதல் இரண்டு மூன்று நாள் நடப்பதும் இதுதான். மூளை ஒவ்வோர் அலையிலும் கணக்குப் பிழைத்து, திருத்தி, மறுபடி பிழைத்துத் திருத்துகிறது. பெரும்பாலானவர்களுக்கு மூன்றாம் நாளுக்குள் பசி திரும்பிவிடும். எல்லோருக்கும் அல்ல. சார்லஸ் டார்வின் 'பீகிள்' கப்பலில் 1831 முதல் 1836 வரை ஐந்தாண்டுகள் பயணம் செய்தும் கடைசிவரை குமட்டலோடேயே இருந்தார். உலர்திராட்சைதான் வயிற்றில் தங்கிய உணவு. ஒரே படகில் வாழும் கணவன் மனைவிக்குக்கூட இந்த ராசி ஒத்துவராது. ஒருவர் மீன் பொரிப்பார், மற்றவர் அந்த வாசனைக்கு மேல்தட்டுக்கு ஓடுவார்.

ஆகவே வீடே அதற்கேற்ப அமைகிறது. அடுப்பை இறுக்கிப் பொருத்துவதில்லை. ஊசல் போல ஆடும்படி இரு பக்கமும் தொங்கவிட்டிருப்பார்கள். படகு சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாக நிற்கும். சட்டி வழுக்காமல் பிடிக்கக் கம்பிக் கொளுக்கி. படுக்கையின் ஓரத்தில் ஏணைத் துணி போல ஒரு கனத்த துணி கட்டியிருக்கும், தூக்கத்தில் உருண்டு விழாமலிருக்க. மல்லாந்து கிடந்தால் குமட்டல் குறையும் என்பதும் அனுபவத்தில் கண்டது. ஏணையில் கிடக்கும் குழந்தைக்கு அது இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. தவிர, இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இந்த நோய் அநேகமாகத் தொடுவதே இல்லை. நடக்கப் பழகி, கண்ணையும் காதையும் கூட்டிக் கணக்குப் போடத் தொடங்கிய பிறகுதான் கணக்குப் பிழைக்கவே முடியும்போலும்.

இருவர் மட்டும் ஓட்டும் படகில் ஒருவர் விழித்திருக்க மற்றவர் தூங்க வேண்டும். மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை முறை மாறும். தேயிலை ஸ்டோரில் கணவனுக்கு இரவு வேலையும் மனைவிக்குக் காலையில் மலையும் இருக்கும் குடும்பங்களுக்கு இந்த வாழ்க்கை விளங்கும். ஒரே வீட்டில் இருந்தும் விழித்த முகத்தைப் பார்ப்பது சாப்பாட்டு வேளையில் மட்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. சுக்கான் பிடிப்பவர் சாரதியாகிவிடுகிறார், படுத்திருப்பவர் ஏணைக் குழந்தையாகிவிடுகிறார். நடுவில் மாட்டுவது சமைப்பவர்தான். அவருக்கு இஞ்சி உதவலாம். 1988இல் டென்மார்க்கின் கடற்படைப் பயிலுனர்கள் 80 பேரிடம் செய்த சோதனையில், ஒரு கிராம் இஞ்சித் தூள் சாப்பிட்டவர்கள் குறைவாகவே வாந்தி எடுத்தார்கள். தேசிக்காயை மணப்பதற்கு இப்படி ஒரு சோதனை நடந்திருந்தால் என் அம்மா சந்தோஷப்படுவார்.

இனிக் கரைக்கு வருவோம். மாதக்கணக்கில் படகில் இருந்தவர் துறைமுகத்தில் இறங்குகிறார். சீமெந்துத் தரை. அசைவே இல்லை. இறங்கியவருக்கோ தரை மெல்ல மேலே எழும்பி இறங்குகிறது. குளியலறையில் கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்குக் 'கரைமயக்கம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். குரங்கின் தலையிலிருந்து பாரத்தை எடுத்த கதைதான் இதுவும். அலையை எதிர்பார்த்து, அதைக் கழித்துக்கொள்ளவே மூளை பழகிவிட்டது. அலை நின்றபிறகும் கழித்துக்கொண்டிருக்கிறது. பூச்சியத்திலிருந்து ஓர் அலையைக் கழித்தால் மிச்சம் எதிர்ப்பக்கமாக ஓர் அலை. கடற்பயணத்துக்குப் பின் வரும் இந்த ஆட்டத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதிவைத்தவர் இராஸ்மஸ் டார்வின் என்ற வைத்தியர். ஐந்தாண்டு குமட்டலில் வாடிய சார்லஸின் தாத்தா.

பெரும்பாலும் ஓரிரு நாளில் இது போய்விடும். சிலருக்கு மட்டும், அதிலும் பெரும்பாலும் பெண்களுக்கு, மாதங்களாக, வருடங்களாக நிற்பதும் உண்டு. விசித்திரம் என்னவென்றால், அவர்கள் ஓடும் வாகனத்தில் ஏறினால் ஆட்டம் அடங்கிவிடும், இறங்கினால் திரும்பிவரும். நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் மிங்ஜியா டாய், பேர்னார்ட் கோகன் முதலானோர் 2014இல் ஒரு சிகிச்சையை வெளியிட்டார்கள். நோயாளியைச் சுற்றிக் கோடுகள் மெதுவாக ஓடும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், அவரது உடல் எந்தத் தாளத்தில் ஆடுகிறதோ அதே தாளத்தில் அவரது தலையை இடமும் வலமும் சாய்ப்பார்கள். அப்படிச் சிகிச்சை பெற்ற 24 பேரில் சுமார் 70 வீதமானவர்களுக்குக் குணம் தெரிந்தது. மூளை தவறாகக் கற்றதை, அதே பாடத்தைத் திருப்பி நடத்தி மறக்கவைப்பது போல.

இதைப் படித்த பிறகுதான் எனக்கு என் அம்மாவின் ஒரு பழைய முறைப்பாடு விளங்கியது. ஹப்புத்தளையில் சின்னம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, இரவு பாயில் படுத்ததும் சொல்வார்: "கட்டில் இல்லாமத் தரையிலதான் படுத்திருக்கேன். ஆனாலும் பெரகலை முடியல்ல." சின்னம்மா சிரிப்பார். இப்போதெல்லாம் நான் அம்மாவைச் சாரதிக்குப் பின்னால் முன் ஆசனத்தில் இருத்தி, வளைவு வருமுன்பே "வலப்பக்கம்", "இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். போன தடவை சொப்பிங் பை தேவைப்படவில்லை. நடத்துனர்தான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.